ஆம்புலன்ஸ்காரரின் விடுமுறை நடை

விடுமுறை நாள் காலையில் அவர் ஷூ கட்டுகிற அழகே தனி. ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்காருவார். ஒரு காலை மாட்டி, கயிற்றை ஒவ்வொரு துளையிலும் இழுத்துச் சரிசெய்து, முடிச்சுப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிடிக்காது. அவிழ்ப்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பியே வந்துவிடுவார். "என்ன, இன்னும் கிளம்பலையா?" என்று அவர் கேட்டால், "கிளம்பிட்டுதானே இருக்கேன். இதுவும் கிளம்புறதுல சேர்த்திதான்" என்று பதில் வரும்.

மற்ற நாட்களில் இதே மனிதர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்குகிறவர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அழைப்பு வந்தால், பாதி குடித்த டீ கோப்பைக்குள் ஆடி அடங்குவதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும். அதனாலேயே விடுமுறை நாளில் அவசரம் என்ற சொல் அவர் காதில் விழக் கூடாது. "அவசரம்னா நான் சம்பளத்துக்கு மட்டும்தான் படுவேன். சும்மா எல்லாம் படமாட்டேன்" என்பார். ஆம்புலன்ஸ் நிலையத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சின்ன வயசுக்காரர்கள் மரியாதை கெடாமல் 'ஆமை அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் அவருடைய மனைவிக்குத்தான். "லீவு நாள்ல வீடு தீப்பிடிச்சாக்கூட, இவரு சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டுத்தான் வெளிய வருவாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஆள் நல்ல உயரம். வண்டிக்குள் குனிந்து குனிந்து கழுத்து கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. சொந்தக் காரை எங்கே நிறுத்தினாலும் மூக்கு தெருவைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வீட்டில் விசில் அடிக்கும் கெட்டில் ஒன்று இருந்தது. அது வாயைத் திறக்கும் முன்பே ஓடிப்போய் அணைப்பார். கடைசியில் மனைவி அதை யாருக்கோ கொடுத்துவிட்டு ஊமைக் கெட்டில் ஒன்று வாங்கி வந்தார். ஏற்றிச் சென்ற நோயாளி என்ன ஆனார் என்று இவர் விசாரிப்பதே கிடையாது. "இறக்கி விட்டதோட என் பங்கு முடிஞ்சுது. மீதியை டாக்டர் பாத்துக்கட்டும். அதையும் நான் சுமந்தேன்னா அடுத்த ஆளை யாரு சுமக்கிறது?" என்பார். கேட்பதற்குக் கல்நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் அந்த வார்த்தைதான் இத்தனை வருடமாக அவரைத் தூங்க வைத்தது.

ஷூ கட்டி முடிந்தால் நடை. விளையாட்டு மைதானத்தின் பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடிந்த இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் காடு. பெரிய காடு என்று பெருமை பேச முடியாது. அணில் உண்டு, மரங்கொத்தி உண்டு, மழை பெய்தால் நத்தை உண்டு. மரங்கள் மட்டும் நல்ல வளர்த்தி. நடுப்பகலில்கூட வெயில் சில்லறை சில்லறையாகத்தான் கீழே விழும். பாதை முழுக்க வேர்கள் குறுக்கே கிடக்கும். அவற்றை அவர் வேகத்தடை என்பார். "பாரு, காட்டுக்கே தெரிஞ்சிருக்கு, இங்க மெதுவாத்தான் போகணும்னு." பாதை ஒரு மேட்டில் ஏறி, பாசி பிடித்த பாறைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும்போது ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். ஆறு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே கருங்கல்லில் கட்டிய பழைய படகுத்துறை ஒன்று இருக்கிறது. அக்கரைக்குப் பாலம் வந்த பிறகு சரக்கெல்லாம் லாரிக்குப் போய்விட்டது. இப்போது இருப்பவை கயிறு கட்டும் இரும்புக் குற்றிகள், தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள், ஒரு மர பெஞ்சு. எப்போதாவது ஒரு படகு வந்து ஒதுங்கும். போனில் சிக்னல் கிடைக்காது. அதுதான் அவருக்கு முக்கியம். பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊதி ஊதிக் குடிப்பார். "இந்த ஆறுகிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, யாருக்கும் வழிவிட வேண்டியதில்ல. அது பாட்டுக்குப் போகுது."

இந்த நடைக்கு அவர் யாரையும் சேர்த்துக்கொண்டதில்லை. மனைவி ஒருமுறை உடன் வந்துவிட்டு, "இதுக்கு நான் வீட்லயே நின்னுக்கிட்டு இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவருக்கு இந்த வருடம் துணையாக ஓர் ஆள் வந்து சேர்ந்தார். அவருடைய அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்லி முடியாது. அக்காவும் மாமாவும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். மாமா சாந்தம். பாடம் எடுப்பார், படம் போட்டுக் காட்டுவார், யாராவது தப்பு செய்தால் சிரிப்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்ற வைப்பது அக்கா. அவளுடைய குரலுக்குத் தெருநாய்களே ஒதுங்கும். "கிளட்ச்சை விடச் சொன்னா என் உயிரை விட வைக்கிறியே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர். தம்பிக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டி நரைத்துப்போன பிறகும் அவள் விடவில்லை. அவர் ஓட்டும் காரில் ஏறினால், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவாள். "டேய், வளைவுல இப்படியா வாங்குறது? உனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" என்பாள். "உன் புருஷன்தான் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தாரு" என்பார் இவர்.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், நிலையத்துக்கு வந்த அழைப்பில் அக்கா வீட்டு விலாசம் இருந்தது. மாமாவுக்கு நெஞ்சுவலி. இவர்தான் பணியில் இருந்தார், இவர்தான் ஓட்டினார். மாமாவோடு பின்னால் இரண்டு உதவியாளர்கள் இருந்ததால் அக்காவை முன்சீட்டில் ஏற்றினார்கள். மருத்துவமனைக்கு இரண்டு வழி. கடைத்தெரு வழியாகப் போனால் தூரம் குறைவு, ஆனால் சாலை குண்டும் குழியும், நெரிசல் வேறு. புறவழிச்சாலை சுற்று, ஆனால் வழுவழுவென்று இருக்கும். இவர் புறவழிச்சாலையில் திருப்பினார். வழி நெடுக அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கால் இல்லாத பிரேக்கைத் தேடவும் இல்லை. மறுநாள் விடிவதற்குள் மாமா போய்விட்டார்.

எந்த வழியில் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். சக ஓட்டுநர்கள் சொன்னார்கள். மனைவி தினம் சொன்னார். இவரும் தலையை ஆட்டினார். ஆனால் இறக்கி விட்டதோடு பங்கு முடிந்தது என்கிற அந்தப் பழைய வார்த்தை இந்த முறை வேலை செய்யவில்லை. படுத்தால் கண்ணுக்குள் கடைத்தெரு விரிந்தது. அன்றைக்கு அது எப்படி இருந்திருக்கும்? கூட்டம் இருந்திருக்குமா, இல்லை, அதிசயமாகக் காலியாகக் கிடந்திருக்குமா?

அக்காவோ அடங்கிப்போனாள். டிரைவிங் ஸ்கூலைப் பூட்டினாள். போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. "எதையாவது தூக்கிப் போட்டு உடைச்சாக்கூடத் தேவலை. 'சரிடா, சரிடா'ங்குது. எங்க அக்கா எப்போ சரின்னு சொல்லியிருக்கு?" என்று மனைவியிடம் புலம்பினார். மனைவிதான் யோசனை சொன்னார். "அண்ணியை நீங்க போற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்களேன். பேசலைன்னா போகுது. காத்தாவது படட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. இவர் முன்னால், அக்கா பின்னால். இவர் வேர்களைக் காட்டி, "பாத்து வா" என்பார். "சரிடா" என்பாள். மரங்கொத்தி தட்டினால் நின்று விரலை உயர்த்துவார். அவளும் நிற்பாள். துறைக்கு வந்து ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்காருவார்கள். அவர் நீட்டும் டீயை வாங்கிக் குடிப்பாள். ஆற்றையே பார்ப்பாள். அவள் ஆற்றைப் பார்க்கும் விதம் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. தான் பார்ப்பது மாதிரி அவள் பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு முறையும், இன்றைக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் அக்கா, என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். திரும்பி வரும்போது அதையும் கூடவே எடுத்து வந்துவிடுவார்.

ஒரு விடுமுறைக்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. காடெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது இவர் ஒரு நத்தை பாதையைக் கடப்பதற்காக நின்றார். அக்கா நிற்கவில்லை. அவரைத் தாண்டி முன்னால் போனாள். முதலில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பாறைகளுக்கு நடுவே அவள் முதுகு மறைந்தது. நத்தை கடந்து முடித்தது. இவர் தன் நடையில் இறங்கினார்.

துறையில் யாரும் இல்லை.

பெஞ்சு காலி. "அக்கா" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். பதில் இல்லை. மழைநீர் சேர்ந்து பெருகிய ஆறு, துறையின் படிகளில் பாதியை விழுங்கியிருந்தது. அப்போதுதான் பார்த்தார். கல்தளத்தின் ஓரத்தில், தண்ணீரை ஒட்டி, அக்காவின் செருப்புகள். கழற்றி எறிந்தது மாதிரி இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி, நேராக, அடக்கமாக வைத்திருந்தது.

இப்படி வைத்த செருப்புகளை வேலையில் அவர் பார்த்திருக்கிறார். பாலத்துக் கைப்பிடியின் அடியில், ஏரிக்கரையில். அவற்றைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லித் தருவார். முதலில் நில். சுற்றிப் பார். உன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டுதான் மற்றவர் உயிர். பதறாதே.

அவர் ஓடினார். ஷூவோடு, சட்டைப்பையில் போனோடு, தோளில் பிளாஸ்க்கோடு படியில் இறங்கினார். ஒரு படி, இன்னொரு படி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பாசி வழுக்கியது. "அக்கா! அக்கா!" என்று அவர் போட்ட சத்தம் தண்ணீரில் பட்டு அக்கரை வரை போய்த் திரும்பியது. கைகளால் தண்ணீருக்குள் துழாவினார். மண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கடைத்தெரு, நத்தை, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த முகம், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் இடித்துத் தள்ளின.

அப்போது கரைச்சுவரின் திருப்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இழுக்காதீங்கன்னு சொல்றேன்ல! விடுங்க! லேசா விடுங்க! அதென்ன எருமை மாட்டுக் கயிறா, இந்த இழுப்பு இழுக்கிறீங்க? லேசா... லேசா... கிளட்ச்சை விடுற மாதிரி!"

இவருக்குக் காது அடைத்துத் திறந்தது. திட்டு. சுத்தமான, முழுசான திட்டு.

"அம்மா, நான் பாத்துக்கிறேம்மா" என்று ஓர் ஆண் குரல் கெஞ்சியது.

"என்னத்த பாத்துப்பீங்க? பெயின்ட் டப்பா கவுந்தப்பவும் பாத்துக்கிட்டுதானே நின்னீங்க?"

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள் நகர்ந்து திருப்பத்தை எட்டினார். அங்கே சுவரோடு ஒட்டி ஒரு மரப்படகு நின்றது. மேலே பெஞ்சருகே நின்று பார்த்தால் தெரியாத இடம். படகுக்காரர் ஒரு முனையில் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு கையில் பிரஷ்ஷும் மறுகையில் கயிறுமாக நின்றாள். முழங்கை வரை பச்சை பெயின்ட். கன்னத்திலும் ஒரு தீற்று.

அவள் தம்பியைப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில், தோளில் பிளாஸ்க்கோடு நிற்கிற தம்பியை.

"டேய், அங்க என்னடா பண்ற?"

அவருக்கு மூச்சு இரைத்தது. "சும்மா... குளிக்கலாம்னு..."

"ஷூவோடவா?"

படகுக்காரர் சங்கடத்தோடு விளக்கினார். வெள்ளம் ஏறியதால் படகை இந்தப் பக்கம் ஒதுக்கினாராம். தனி ஆள். கயிறு நழுவியது, டப்பா கவிழ்ந்தது. மேலே வந்த இந்த அம்மா டப்பா உருண்ட ஓசை கேட்டு, ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாராம். தானே வாய்தவறி, ஒரு கை குடுங்கம்மா என்று சொல்லித் தொலைத்தாராம். "புதுசா பெயின்ட் அடிச்ச படகுத் தளம் சார். செருப்பை மட்டும் கழட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. அப்போலேருந்து திட்டு வாங்குறேன்."

"நல்லா வாங்குங்க" என்றார் இவர். குரல் உடைந்து சிரிப்பாக வெளியே வந்தது. "நல்லா வாங்குங்க சார். ஒண்ணும் தப்பில்ல."

கயிற்றைக் கட்டி முடித்து, பலகை வழியாக அக்கா கரையேறினாள். அதற்குள் இவரும் மேலே வந்துவிட்டார். அவள் பலகையிலிருந்து இறங்கக் கை நீட்டினார். பிடித்த கையை விடாமல், இரண்டு விரலை அவள் மணிக்கட்டில் வைத்துக்கொண்டே நின்றார். பழக்கம்.

"நாடி பாக்குறியா? உயிரோடதான்டா இருக்கேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத்தான் தம்பியின் நனைந்த இடுப்பைப் பார்த்தாள். பிறகு கல்தளத்தில் இருந்த செருப்புகளைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. 

"பைத்தியக்காரா" என்றாள் பிறகு, சத்தமே இல்லாமல்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். ஆறே கொஞ்சம் கொட்டியது. பிளாஸ்க்குக்குள் மட்டும் தண்ணீர் போகவில்லை. டீயை ஊற்றி நீட்டினார். கைக்குட்டையை எடுத்தால் அதைப் பிழிய வேண்டியிருந்தது. ஆனால் அவருக்குள் எங்கோ இறுகிக் கிடந்த ஒன்று அவிழ்ந்திருந்தது. அந்த ஈரத்தில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டார்.

"அக்கா. அன்னிக்கு நான் கடைத்தெரு வழியா போயிருக்கணுமா?"

அக்கா டீயை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இதையா இவ்ளோ நாள் மென்னுக்கிட்டு இருந்த?"

"நீ ஒரு வார்த்தை பேசலையே அன்னிக்கு. வழி தப்புன்னு நினைச்சுதான் பேசாம வந்தியோன்னு..."

"தப்பா ஓட்டினா நான் பேசாம வருவேனா? என்னிக்காவது வந்திருக்கேனா?" அக்காவின் குரல் பழையபடி எழும்பியது. "திட்டுறதுக்கு ஒண்ணும் இல்லடா. அதான் பேசல. ஒரு குலுக்கல் இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே போன."

ஆற்றில் ஓர் இலைக்கொத்து மிதந்து வந்து இரும்புக் குற்றிக்குக் கீழே கொஞ்சம் சுற்றிவிட்டுப் போயிற்று.

"சாயங்காலம் உங்க மாமா கண்ணைத் திறந்தாரு. நீ வண்டியை விடப் போயிருந்த. என்ன சொன்னாரு தெரியுமா? 'உன் தம்பி டெஸ்ட்ல பாஸ்'னாரு. சிரிச்சாருடா. அந்த நேரத்துலயும்." அவள் டீயைக் கீழே வைத்தாள். "உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். வாயைத் திறந்தா அழுதுடுவேன். அழ ஆரம்பிச்சா நிக்காதுன்னு பயம். அதான் எல்லாத்துக்கும் சரிடா சரிடான்னு சொல்லிட்டு இருந்தேன்."

சொன்னபடியே அழுதாள். அவள் பயந்தது மாதிரி அது நிற்காமல் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தானே நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் பின்னாடி நடந்து நடந்து என் காலே மரத்துப்போச்சு. ஒரு நத்தைக்கு நின்னு வழிவிடுறான் பாரு" என்றாள்.

அவருக்கு உடம்பே லேசாக இருந்தது. எங்கேயோ இத்தனை நாளும் ஓடிக்கொண்டே இருந்த ஒரு சைரனை யாரோ அணைத்துவிட்ட மாதிரி காட்டின் சொட்டுச் சத்தம் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

படகுக்காரர் தயங்கித் தயங்கி மேலே வந்தார். ஒரு பழந்துணியும், சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். "கையில காய்ஞ்சா போகாதும்மா" என்றார்.

"பாட்டிலுக்கு மூடி எங்க?" என்றாள் அக்கா.

படகுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் படகுக்குத் திரும்பிவிட்டார்.

தம்பி துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டுக்கொண்டு அக்காவின் இடது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தார். கட்டைவிரலில் தொடங்கினார். நகக்கண், நகத்தின் ஓரம், விரலின் மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒன்று சுத்தமாகாமல் அடுத்ததற்குப் போகவில்லை. வெயில் மரங்களைத் தாண்டித் துறைக்கு வந்தது. கல்தளம் ஆவி விட்டது. சுண்டுவிரல் முடிந்ததும் அவர் நிமிர்ந்தார். அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, அவர் கேட்காமல், வலது கையை நீட்டினாள்.